சபை தடையில்லை, சாதிதான் தடை

ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வரும் மணமக்கள் தேவைப் பக்கத்தை எடுத்து, கிறித்தவர் பகுதியை மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆர்.சி. மாப்பிள்ளைக்குப் பெண் தேவை, சி.எஸ்.ஐ. பெண்ணுக்கு வரன் தேவை என்று வரிசையாக இருக்கும். பல விளம்பரங்களின் கடைசியில் 'சபை தடையில்லை' என்று போட்டிருப்பார்கள். மாதாவுக்கு ஜெபமாலை சொல்லும் வீடும் மாதா படமே வைக்காத வீடும் சம்பந்தம் செய்துகொள்ளலாம் என்று அர்த்தம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் குடும்பமும், அது செல்லாது என்று சொல்லும் குடும்பமும் ஒரே பந்தியில் உட்காரலாம் என்று அர்த்தம். ஆனால் அதே விளம்பரத்தின் முதல் வரியில் சாதியின் பெயர் இருக்கும். தப்பித் தவறி 'சாதி தடையில்லை' என்று ஒன்று கண்ணில் பட்டால், பக்கத்திலேயே 'எஸ்.சி., எஸ்.டி. தவிர' என்று இருக்கும்.

கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு என்ற பிளவு ஐரோப்பாவில் 1618 முதல் 1648 வரை முப்பது ஆண்டுப் போராக எரிந்தது. அந்தப் பிளவை நம் ஊர்க் கல்யாணத் தரகர் இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுகிறார். அவரால் தாண்ட முடியாதது ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் தெரு ஒன்றுதான்.

இந்தக் கட்டுரை கிறித்தவ ஒற்றுமை பற்றியது. தலித் உரிமை பேசும் இடத்தில் சபைகளின் ஒற்றுமைக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்பீர்கள். மதத்தையே விட்டொழிக்க வேண்டும் என்று சொல்பவர்களும் உங்களில் உண்டு. அது உங்கள் உரிமை. ஆனால் நம் மக்களில் பெரும் பகுதியினருக்குப் பள்ளிக்கூடம், கல்யாணம், சாவு, அடக்கம் எல்லாமே ஏதோ ஒரு சபையோடு கட்டப்பட்டிருக்கிறது. அவர்கள் வாழ்க்கையில் இருக்கும் சண்டை நம் சண்டையும்தான்.

நான் சொல்ல வருவது இரண்டு விஷயம். நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் இருக்கும் வேறுபாட்டை நாம் ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும். சாதியை ஒருபோதும் அந்த வேறுபாடுகளின் பட்டியலில் சேர்க்கக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பி வைப்பதில்தான் ஆதிக்கச் சாதித் தலைமைகளுக்கு லாபம் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு டேனிஷ் மிஷன் வந்த கதை

திருவண்ணாமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலை, தீபம், 14 கிலோமீட்டர் கிரிவலம். நமக்கு அதோடு டேனிஷ் மிஷன் பள்ளியும் உண்டு. அந்தப் பள்ளியில் படித்த எத்தனையோ குடும்பங்களுக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு மிஷன் ஏன் இந்தப் பக்கம் வந்தது என்ற கதை தெரியாது. அது சாதியால் வந்த கதை.

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். அவரோடு தொடங்கிய லுத்தரன் சபையில் ஆரம்பத்திலிருந்தே வெள்ளாளருக்கு ஓர் இடம், பறையருக்கு வேறு இடம் என்று உட்கார்ந்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் இது 'நாட்டு வழக்கம்' என்ற பெயரில் ஓடியது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் இருந்த வெள்ளாளக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். இன்றும் நாம் பாடிக்கொண்டிருக்கும் பாடல்களை எழுதிய வேதநாயக சாஸ்திரியார் அந்த எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றார். பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

வெளியேறியவர்களுக்கு ஒரு கதவு திறந்தது. 1840களில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் தரங்கம்பாடிப் பணியை ஏற்றது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் நேரில் வந்து ஆராய்ந்தார். சாதி ஒரு சமூக வழக்கம், வலுக்கட்டாயமாக ஒழிக்கக் கூடாது, காலப்போக்கில் தானாக மறையும் என்பது அவர் நிலைப்பாடு. சாதியை விட மனமில்லாத கிறித்தவர்களில் பலர் அந்த மிஷனை நாடிப் போனார்கள்.

அதே மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் என்ற ஊழியர் இதை ஏற்கவில்லை. சாதியோடு சமரசம் கிடையாது என்று நின்றார், மிஷனை விட்டுப் பிரிந்தார். கடலூர்ப் பக்கம் பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணி தொடங்கினார். 1860களில் டென்மார்க்கின் மிஷன் சங்கம் அவரோடு கைகோத்தது. டேனிஷ் மிஷன் தென்னாற்காட்டில் கால் ஊன்றியது இப்படித்தான். அதன் வழிவந்ததுதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

இதைக் கவனியுங்கள். ஓக்ஸுக்கும் லைப்சிக்காருக்கும் வேதத்தில் சண்டை இல்லை. இருவரும் லுத்தரன். விசுவாச அறிக்கை ஒன்று, ஞானஸ்நானம் ஒன்று, திருவிருந்து பற்றிய போதனை ஒன்று. எல்லாம் ஒன்றாக இருந்தும் பிரிந்தார்கள். அந்தப் பிரிவினை நியாயமானது. கிறித்தவ வரலாற்றில் எல்லாப் பிளவும் பாவம் அல்ல. சில பிளவுகளில்தான் மனசாட்சி உயிரோடு இருந்தது.

அந்த மரபில் வந்த சபைகள் இன்று சாதி இல்லாத சபைகளாக இருக்கின்றனவா? இதற்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. உங்கள் சபையின் கமிட்டித் தேர்தல் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் போதும்.

1947இல் நடந்தது

தமிழ் மண்ணில் நடந்த மிகப் பெரிய கிறித்தவ ஒற்றுமை முயற்சியைப் பற்றி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் பெரும்பாலும் இந்தியக் குருமார்களே கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912இல் தோர்ணக்கல் பேராயரானவர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். எங்களைப் பிரித்து வைத்திருக்கும் காரணங்கள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளிநாட்டிலிருந்து எங்கள் மேல் வைக்கப்பட்டவை என்பது அந்த அறிக்கையின் சாரம். காலனி ஆட்சிக் காலத்தில் அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்கள் கடந்ததும், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் சேர்ந்து உருவாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபை, இவை எல்லாம் ஒன்றாயின. பேராயர் இருந்தால்தான் சபை என்ற மரபும், பேராயரே வேண்டாம் என்ற மரபும் இப்படி ஒன்றாக இணைந்தது உலகத்தில் அதுவே முதல் முறை.

எப்படி முடிந்தது? யாரையும் பழைய நம்பிக்கையை எரித்துவிட்டு வா என்று சொல்லவில்லை. ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றவர்களை மறுபடி பட்டம் பெறச் சொல்லாமல் அப்படியே ஏற்றார்கள். பழக்கமில்லாத வழிபாட்டு முறையை எந்தச் சபையின் மீதும் திணிக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்தார்கள். முழுமையாகக் கலந்துபோக முப்பது ஆண்டுகள் அவகாசம் வைத்தார்கள். முதலில் ஒன்றாகச் சேர்வோம், மீதியை ஒன்றாக இருந்துகொண்டே பேசித் தீர்ப்போம் என்பதுதான் வழிமுறை. இயக்கம் கட்டுபவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. கொள்கையில் ஒரு புள்ளி வேறுபட்டாலே அமைப்பை உடைத்துக்கொண்டு போகும் நமக்கு நிச்சயம் இருக்கிறது.

ஆனால் அந்த 28 ஆண்டுப் பேச்சின் மையத்தில் இருந்தது பேராயர் பதவி, குருப்பட்டம், திருவிருந்து. இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த பிரிவினைகளைத் தீர்க்கத்தான் அவ்வளவு உழைப்பும். இந்த மண்ணிலேயே பிறந்த பிரிவினை சபைக்குள் அப்படியே இருந்தது. இன்று பேராயத் தேர்தல் வந்தால் எந்தச் சாதி ஓட்டு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். ஆங்கிலிக்கன் ஓட்டு எத்தனை, மெதடிஸ்ட் ஓட்டு எத்தனை என்று யாராவது கேட்டு நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

ரோமர் 14, கலாத்தியர் 2

நம்பிக்கையுள்ள தம்பி தங்கைகளுக்காக இந்தப் பகுதி. மற்றவர்களும் படிக்கலாம், வாதம் புரியும்.

வேறுபாட்டை எப்படிக் கையாள்வது என்று பவுல் இரண்டு இடங்களில் பேசுகிறார். ரோமர் 14ஆம் அதிகாரத்தில் சாப்பாடும் நாளும் பற்றிய சண்டை. ஒருவர் எல்லாம் சாப்பிடுகிறார், இன்னொருவர் காய்கறி மட்டும். ஒருவர் ஒரு நாளைப் பெரிதாக எண்ணுகிறார், இன்னொருவருக்கு எல்லா நாளும் சமம். பவுல் தீர்ப்பு எளிது. ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள், குற்றவாளியாக்காதீர்கள்.

கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் அதே பவுல் வேறு ஆள். அந்தியோகியாவில் பேதுரு புறசாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அங்கே பவுல் பொறுமையைப் போதிக்கவில்லை. எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேராக எதிர்த்தார். ஏனென்றால் அது என்ன சாப்பிடுவது என்ற கேள்வி அல்ல, யாரோடு சாப்பிடுவது என்ற கேள்வி.

குழந்தை ஞானஸ்நானமா, முழுக்கு ஞானஸ்நானமா? பூசையா, ஆராதனையா? அந்நியபாஷை உண்டா, இல்லையா? நகை போடலாமா, கூடாதா? இவை ரோமர் 14. வாதாடலாம், ஒரே வீட்டில் இருந்துகொண்டே வாதாடலாம். தனிக் கல்லறை, தனிப் பாதை, தேர் வராத தெரு, கடைசியாக நீளும் கிண்ணம், இவை கலாத்தியர் 2. இங்கே 'சகித்துக்கொள்வோம்' என்பவர் அந்தியோகியாவில் எழுந்துபோன பேதுருவின் பக்கம் நிற்கிறார்.

உலகச் சபைகள் ஒருமுறை இதைச் சரியாகச் செய்தன. தென்னாப்பிரிக்காவின் டச்சு ரிஃபார்ம்டு சபை 1857இல், சிலருடைய 'பலவீனத்தை' முன்னிட்டு, வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாகத் திருவிருந்து எடுக்கலாம் என்று அனுமதித்தது. லைப்சிக்காரர்கள் இங்கே சாதிக்குச் சொன்ன அதே நியாயம், கிட்டத்தட்ட அதே காலம். அந்தச் சிறிய சலுகை வளர்ந்து வளர்ந்து நிறவெறி ஆட்சிக்கு வேதம் ஆனது. 1977இல் தார் எஸ் சலாமில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, நிறவெறியை எதிர்ப்பது விசுவாசத்தைச் சார்ந்த பிரச்சினை என்று அறிவித்தது. 1982இல் ஒட்டாவாவில் உலக ரிஃபார்ம்டு சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறியை நியாயப்படுத்தும் போதனையைப் பேதகம் என்றது, அங்கிருந்த வெள்ளையர் சபைகளை இடைநீக்கம் செய்தது. ஒற்றுமைக்காகவே அமைந்த கூட்டமைப்புகள், ஒற்றுமைக்காகவே சிலரை வெளியே நிறுத்தின.

2009இல் பாங்காக்கில் உலகத் திருச்சபைகள் மன்றமும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் தலித் மக்களுக்கான நீதி பற்றி மாநாடு நடத்தின. நல்லது. ஆனால் சாதிச் சுவர் வைத்திருக்கும் சபைக்கு உறுப்பினர் தகுதி கிடையாது என்று சொல்லும் கட்டத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை.

'ஒற்றுமையைக் குலைக்காதே'

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கத்தோலிக்கக் கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் நடைகள் இரண்டு. வெள்ளாளர் ஒரு காலில், நாடார் மறு காலில். ஒரே பூசை, ஒரே சாமியார், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. மக்கள் அதைக் கால்சட்டைக் கோயில் என்றே அழைத்தார்கள். 1910ஐ ஒட்டி கௌசானல் பாதிரியார் காலத்தில் நடுச்சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளர் தரப்பு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது, வெல்லவில்லை. சுவரை இடித்தால் சபை உடையும் என்று பயமுறுத்தினார்கள். சபை உடையவில்லை, சுவர்தான் உடைந்தது.

நமக்குப் பக்கத்திலேயே எறையூர் இருக்கிறது. அங்கே தலித் கத்தோலிக்கர்கள் ஒரே கோயிலில் தனி இடம், பிணம் கொண்டுபோகத் தனிப் பாதை என்று தலைமுறைகளாக அனுபவித்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்குங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கத்தோலிக்கர்கள் இருவர் இறந்தார்கள். சாதி தன் சொந்தப் பிள்ளைகளையும் தின்னும் என்பதற்கு அந்த இரண்டு சாவும் சாட்சி.

அப்போது எழுந்த குரல்களில் ஒன்று, தலித்துகள் திருச்சபையின் ஒற்றுமையைக் குலைக்கிறார்கள் என்பது. தனி இடத்தில் உட்கார வைத்தபோது குலையாத ஒற்றுமை, தனிப் பங்கு கேட்டதும் குலைந்துவிட்டதாம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் பற்றிக் கேட்டாலும் இதே பேச்சுதான். 2025 பிப்ரவரியில் கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கில் நடக்கும் சாதிப் பாகுபாடு பற்றிய மனு உச்சநீதிமன்றம் வரை போய் நோட்டீஸ் அனுப்பப்பட்டது. எறையூருக்குப் பிறகு 17 ஆண்டுகள்.

சபைத் தலைமைக்கு இது தெரியாமல் இல்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை ஆவணமே, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொள்கிறது. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். மகிழ்ச்சிதான். ஆனால் ரோமுக்குப் போகும் பாதை திறந்து, கிராமத்தில் கல்லறைக்குப் போகும் பாதை மூடியிருந்தால் அந்த மகிழ்ச்சி எத்தனை நாள் தாங்கும்?

2023 ஜனவரியில் நம் மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, அந்தக் காணொளியைக் கிறித்தவ இளைஞர்கள் பலர் பெருமையோடு பகிர்ந்தார்கள். பகிர வேண்டியதுதான். அதே கேள்வியைத் தங்கள் பங்கிலும் சபையிலும் கேட்டால் அந்தப் பெருமை முழுமையாகும்.

காலனிக்குள் மூன்று சபை

இதுவரை மேலே இருப்பவர்களைப் பற்றிச் சொன்னேன். இனி நம்மைப் பற்றி.

களப்பணிக்காக நான் அடிக்கடி போகும் ஒரு காலனியில் நூறு வீடுகூட இருக்காது. மூன்று சபை இருக்கிறது. ஒன்று பழைய மிஷன் சபை, ஒன்று மாதா கோயில், ஒன்று தகரக் கூரை போட்ட பெந்தெகொஸ்தே சபை. மாரியம்மனைக் கும்பிடும் வீடுகளும் உண்டு. எல்லாரும் பங்காளி, மாமன் மச்சான். அங்கே ஒரு பாட்டி இறந்தார். சிறுவயதில் மிஷன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர், கடைசிக் காலத்தில் தகரக் கூரைச் சபைக்குப் போனவர். 'சபை மாறிப் போனவருக்கு எங்கள் கல்லறையில் இடம் இல்லை' என்று கமிட்டியில் ஒரு பெரியவர் எழுந்தார். தகரக் கூரைச் சபையின் பாஸ்டரோ, 'அவர்கள் சடங்கில் நாங்கள் நிற்க மாட்டோம்' என்றார். ஐஸ் பெட்டிக்குள் பாட்டி, வெளியே இரண்டு சபை. மதியம் தாண்டியும் முடிவு வரவில்லை. மாரியம்மன் கும்பிடும் பேரன்தான் கடைசியில் இரண்டு பேரிடமும் பேசி முடித்தான்.

அந்தக் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டு மனு போட்டுப் பல வருடம் ஆகிறது. மூன்று சபையும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டது ஒருமுறைகூட இல்லை. ஊர்க்காரர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இங்கேதான் நமக்கு ரோமர் 14 வேண்டும். படித்த இளைஞர்கள் பெந்தெகொஸ்தேக்காரர்களைக் கேலி செய்வதை நான் பார்க்கிறேன். கைதட்டல், கூச்சல், அற்புத சுகம் என்று சிரிக்கிறார்கள். ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தத் தகரக் கூரைச் சபையின் பாஸ்டர் பெரும்பாலும் அதே தெருவில் பிறந்தவர். அவருக்கு மேலே சாதி பார்த்து இடமாற்றம் போடும் நிர்வாகம் இல்லை. வீட்டுவேலைக்குப் போகும் அக்கா அங்கே எழுந்து நின்று மைக்கில் சாட்சி சொல்கிறார், அவருக்காக நாற்பது பேர் ஜெபிக்கிறார்கள். பழைய சபைகள் கொடுக்காத மரியாதையைத் தேடித்தான் அவர்கள் போனார்கள். பணம் பிடுங்கும் ஊழியர்களைக் கண்டிப்போம், அது வேறு. போன மக்களை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை.

பெந்தெகொஸ்தேத் தம்பிகளுக்கும் ஒன்று. மாதா கோயிலுக்குப் போகும் உங்கள் சித்தியை விக்கிரகக்காரி என்று சொல்லாதீர்கள். பொட்டு வைக்கும் அண்ணி வீட்டுச் சாப்பாட்டைத் தள்ளாதீர்கள். நம் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் ஊரில் போதுமான அளவு இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் நம் வீட்டுக்குள் வேதத்தின் பெயரால் வரக் கூடாது. 2008இல் கந்தமாலில் வீடுகளைக் கொளுத்தியவர்கள், நீ எந்தச் சபை என்று கேட்டுக் கொளுத்தவில்லை. அங்கே பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகளும் ஆதிவாசிகளும்.

அரசு போட்ட கோடு

நம்மைப் பிரிப்பது சபை மட்டும் இல்லை. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, தன்னோடு உட்கார்ந்து தைத்த இந்துத் தொழிலாளிக்குக் கிடைத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் தீர்ப்பு வந்தது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இத்தனைக்கும் பிறகு தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர் இன்னும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான்.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றும் செயல் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. 2025இல் ஆந்திர உயர்நீதிமன்றம், பாஸ்டராக இருக்கும் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்றது. சாதி சொல்லித் திட்டுபவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா திட்டுகிறான்?

இதனால் நம் தெருக்களில் ஒரு கசப்பு வளர்கிறது. சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை சபை என்று வாழும் குடும்பத்தைக் கிறித்தவர் 'விசுவாசம் இல்லாதவர்' என்கிறார், இந்து உறவினர் 'எங்கள் பங்கைத் தின்பவர்' என்கிறார். கோடு போட்டது அரசு, அடித்துக்கொள்வது நாம். பிள்ளையின் படிப்புக்காகப் பெயரை ஒரு மாதிரி எழுதிக்கொண்ட தாயை நியாயம் தீர்க்கும் வேலை நமக்கு வேண்டாம். அந்தக் கோட்டை அழிக்கும் வேலைதான் நம்முடையது.

அம்பேத்கர் இதையெல்லாம் முன்பே பார்த்தார். 1935இல் இயோலாவில் மதமாற்ற அறிவிப்பு செய்த பிறகு, நாங்கள் எங்கே போனாலும் ஒன்றாக இருக்கக்கூடிய, சாதியின் மிச்சம் இல்லாத ஒரே ஒரு சபையைக் காட்ட முடியுமா என்று அவர் அசரியா பேராயரிடம் கேட்டதாகத் திருச்சபை வட்டாரங்களில் நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. மதம் மாறியவரின் நிலை பற்றிய தன் எழுத்தில் அவர் ஒரு மனுவை எடுத்துக்காட்டுகிறார். தென்னிந்தியாவின் தாழ்த்தப்பட்ட வகுப்புக் கிறித்தவர்கள் சைமன் கமிஷனுக்குக் கொடுத்தது. அதில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து நின்று, எந்தச் சபையில் இருந்தாலும் எங்கள் நிலை ஒன்றுதான் என்று சொன்னார்கள். 1947க்குப் பல ஆண்டுகள் முன்பே, எந்தப் பேராயரும் இறையியல் குழுவும் இல்லாமல் தலித் மக்கள் கட்டிய கிறித்தவ ஒற்றுமை அது.

நாம் செய்யக்கூடியது

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 18 முதல் 25 வரை உலகச் சபைகள் ஒற்றுமைக்கான ஜெப வாரம் அனுசரிக்கின்றன. 2013ஆம் ஆண்டுக்கான வழிபாட்டைத் தயாரித்தவர்கள் இந்திய மாணவர் கிறித்தவ இயக்கத்தினர். தலித் மக்களுக்கான நீதி இல்லாமல் சபை ஒற்றுமை இல்லை என்பதையே அவர்கள் மையமாக வைத்தார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள் செய்த வேலை உலகம் முழுக்கச் சபைகளின் கைக்குப் போனது. எனவே நம்மால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.

உங்கள் கல்லூரியில் ஐக்கஃப் அமைப்பு இருக்கலாம், மாணவர் கிறித்தவ இயக்கம் இருக்கலாம், அம்பேத்கர் வாசகர் வட்டம் இருக்கலாம். ஆகஸ்ட் 10 கறுப்பு நாளை மூன்றும் சேர்ந்து நடத்துங்கள். இந்து தலித் மாணவரையும் முஸ்லிம் மாணவரையும் மேடையில் ஏற்றுங்கள்.

உங்கள் சபையில் மூன்று கேள்வி கேளுங்கள். கல்லறை எல்லாருக்கும் பொதுவா? கமிட்டியிலும் பள்ளி நிர்வாகத்திலும் நம் ஆட்கள் எத்தனை பேர்? திருவிழாத் தேர் நம் தெருவுக்கு வருகிறதா? பதிலை எழுதி வாங்குங்கள். 'ஒற்றுமையைக் குலைக்காதே' என்று யாராவது சொன்னால், எந்த ஒற்றுமை என்று திருப்பிக் கேளுங்கள்.

காலனியில் எந்தச் சபையில் சாவு விழுந்தாலும் மற்ற இரண்டு சபையும் வந்து நிற்க வேண்டும் என்று இளைஞர்கள் முடிவெடுங்கள். சுடுகாட்டுப் பாதைக்கான மனுவில் மூன்று சபையின் முத்திரையும் விழட்டும். கல்யாணப் பேச்சு வரும்போது, 'சபை தடையில்லை' என்று பெருமையாகச் சொல்லும் அப்பா அம்மாவிடம், சாதி பற்றி என்ன போடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வீட்டில் புயல் அடிக்கும். அடிக்கட்டும்.

மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, 'பரட்டை' என்று நாம் அறிந்த தியாபிலஸ் அப்பாவு, 'ஒரு உலை' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சோறு ஓர் உலையில் வெந்து, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அவருக்குத் திருவிருந்து. அந்த உலைக்கு எல்லா வீட்டு அரிசியும் வரலாம், பொன்னியும் வரலாம், ரேஷன் அரிசியும் வரலாம். வெந்த பிறகு தனித்தனிப் பந்தி போடுவேன் என்பவரை மட்டும் நாம் எழுந்து நின்று தடுக்க வேண்டும்.

ஜெய் பீம்.